கேள்வியும் பதிலும்: பாட்டுக்குப் பயந்த அரசு

செக்கோஸ்லோவாக்கியாவில் 1968-க்கும் 1989-க்கும் இடையில் கம்யூனிஸ்ட் கட்சியின் அடக்குமுறையை ஆயுதம் ஏந்தாமல் எதிர்த்து நின்ற கலைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று வந்த கடிதங்கள் பல. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே.

அரசியலே பாடாத ஒரு ராக் இசைக்குழுவைச் சிறையில் அடைத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அரசியல் பாடவில்லை என்றால் அரசுக்கு என்ன பயம்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

அந்த அரசு மக்களிடம் எதை எதிர்பார்த்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1968 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் யூனியனின் தலைமையில் வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் நாட்டுக்குள் புகுந்து, கட்சித் தலைவர் அலெக்சாண்டர் துப்செக் தொடங்கியிருந்த சீர்திருத்தங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கட்சித் தலைமைக்கு வந்த குஸ்தாவ் ஹுசாக்கின் ஆட்சி, மக்கள் தன்னை நம்ப வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நம்புவதுபோல் நடந்துகொண்டால் போதும். ஊர்வலத்துக்கு வந்து, கொடி பிடித்து, தேர்தல் நாளில் வாக்குச்சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டால், அதன் பிறகு வார இறுதியில் கிராமத்துக் குடிலில் என்ன பேசிக்கொண்டாலும் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்’ என்ற இசைக்குழு 1968-இல், படையெடுப்பு முடிந்த சில வாரங்களிலேயே, பிராக் நகரில் உருவானது. அந்நாட்டில் தொழில்முறை இசைக்குழுவாக இயங்க அரசு உரிமம் வேண்டும். தலைமுடியின் நீளம், குழுவின் பெயர், பாட்டின் வரிகள் எல்லாம் அதிகாரிகளின் கண்ணுக்கு ஒத்துவர வேண்டும். 1970-இல் இவர்களுடைய உரிமம் பறிக்கப்பட்டது. முடியை வெட்டி, பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி விண்ணப்பித்தவர்கள் எத்தனையோ பேர். இவர்கள் அதைச் செய்யவில்லை. கிராமத்துக் கொட்டகைகளிலும் நண்பர்களின் திருமணங்களிலும் வாசித்தார்கள். எகோன் போண்டி என்ற கவிஞரின், அச்சில் வர வாய்ப்பே இல்லாத கவிதைகளுக்கு இசையமைத்தார்கள். குழுவின் வழிகாட்டியாக இருந்த கலை விமர்சகர் இவான் யிரோஸ், அரசு நடத்தும் கலையுலகத்திடம் அங்கீகாரமோ பணமோ எதிர்பார்க்காமல் அதற்கு வெளியே தனக்கென்று ஒரு கலையுலகத்தை உருவாக்கிக்கொள்வதுதான் வழி என்று எழுதினார்.

நீங்கள் கேட்ட பயத்துக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அரசைத் திட்டிப் பாடுகிறவன்கூட ஒரு வகையில் அரசைப் பார்த்துத்தான் பாடுகிறான். அவனை மிரட்டலாம், பதவி கொடுத்து வாங்கலாம். அரசு என்று ஒன்று இருப்பதையே பொருட்படுத்தாமல் பாடுகிறவனிடம் கொடுக்கவோ பறிக்கவோ அதிகாரியின் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. 1976 பிப்ரவரியில் யிரோஸின் திருமணத்தை ஒட்டி ஒரு கச்சேரி நடந்தது. அடுத்த மாதமே இசைக்கலைஞர்களும் நண்பர்களும் கைது செய்யப்பட்டார்கள். செப்டம்பரில் நடந்த வழக்கில் பாடல்களில் வரும் கொச்சைச் சொற்களை முன்வைத்துப் பொது அமைதியைக் குலைத்த குற்றம் சாட்டப்பட்டது. யிரோஸுக்கு 18 மாதம், பாவெல் சாயிசெக்குக்கு 12 மாதம், ஸ்வாட்டோப்லுக் கராசெக்குக்கும் சாக்ஸஃபோன் கலைஞர் விராட்டிஸ்லாவ் பிராபெனெட்ஸுக்கும் தலா 8 மாதம் சிறை.

அரசு எதிர்பார்க்காத ஒன்று அந்த நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடந்தது. கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட முன்னாள் கம்யூனிஸ்ட்டுகள், தத்துவப் பேராசிரியர்கள், தடைசெய்யப்பட்ட எழுத்தாளர்கள், நீளமுடி இளைஞர்கள் என ஒருவரோடு ஒருவர் பேசிப் பழக்கமே இல்லாத கூட்டங்கள் அங்கே ஒன்றாக நின்றன. அவர்களில் நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் இருந்தார். அரசியல்வாதிகள் மீது வழக்குப் போட்டிருந்தால் அது இரண்டு தரப்புகளின் சண்டை என்று ஊர் ஒதுங்கிப்போயிருக்கும். தங்களுக்குப் பிடித்தபடி வாழ நினைத்த இளைஞர்களையே உள்ளே தள்ளும்போது வாய்மூடி இருந்தால் நாளை யாரையும் தள்ளலாம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

சாசனம் 77 என்பது ஆட்சியாளர்களுக்கு எழுதிய ஒரு கடிதம்தானே? அடக்குமுறை ஆட்சிக்கு மனு எழுதிப் பயன் உண்டா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

மனுவாக இருந்திருந்தால் பயன் இல்லைதான், ஐயா. அந்த வழக்கில் ஒன்றுசேர்ந்தவர்கள் மனித உரிமைகளுக்காக வெளியிட்ட அறிக்கை அது; அதில் யாரும் எதையும் யாசிக்கவில்லை. மனித உரிமைகளை மதிப்பதாக 1975-இல் ஹெல்சிங்கி மாநாட்டில் ஏற்கப்பட்ட உடன்பாட்டில் செக்கோஸ்லோவாக்கியாவும் கையொப்பமிட்டது. குடிமை உரிமைகளுக்கும் அரசியல் உரிமைகளுக்குமான ஐ.நா. உடன்படிக்கையை 1976 அக்டோபரில் தன் சட்டத் தொகுப்பிலேயே 120-ஆம் எண்ணில் அச்சிட்டது. சாசனம் செய்ததெல்லாம், ‘நீங்களே சட்டமாக்கிய வரிகள் இவை, நாட்டில் நடப்பது இது’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான். தாங்கள் ஓர் அமைப்பு அல்ல, தங்களுக்கு விதிமுறைகளோ உறுப்பினர் பட்டியலோ இல்லை, எதிர்க்கட்சியாகச் செயல்படும் எண்ணமும் இல்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். சட்டத்தை மீறாதவர்களைத் தண்டிக்க அரசுதான் தன் சட்டத்தை மீற வேண்டியிருந்தது.

1977 ஜனவரி 1 தேதியிட்ட அந்த ஆவணத்தில் முதலில் கையொப்பமிட்டவர்கள் 240-க்குச் சற்று மேல். ஹாவெல், 1968-இல் வெளியுறவு அமைச்சராக இருந்த யிரி ஹாயெக், தத்துவஞானி யான் பாட்டோச்கா ஆகிய மூவரும் அதன் சார்பில் பேசிய முதல் பேச்சாளர்கள். ஜனவரி 6 அன்று ஹாவெல், எழுத்தாளர் லுட்விக் வட்சூலிக், நடிகர் பாவெல் லாண்டோவ்ஸ்கி மூவரும் சாசனத்தைக் காரில் எடுத்துச் சென்றபோது போலீஸ் துரத்திப் பிடித்தது. ஆனால் அதற்குள் அது மேற்கு ஐரோப்பியப் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

முதல் பேச்சாளர்கள் மூவரில் என் மனம் அதிகம் நிற்பது பாட்டோச்காவிடம். அப்போது அவருக்கு வயது 69. வாழ்நாள் முழுவதும் கிரேக்கத் தத்துவத்தையும் ஜெர்மன் தத்துவஞானி ஹுஸ்ஸெர்லையும் படித்தவர். அரசியல் மேடை ஏறியவர் அல்லர். பேச்சாளராக ஒப்புக்கொள்ளவே தயங்கினார் என்பார்கள். ஒப்புக்கொண்ட பிறகு பின்வாங்கவில்லை. நோயுற்ற நிலையிலும் மணிக்கணக்கில் நீண்ட போலீஸ் விசாரணைகளுக்குப் பின் மார்ச் 13 அன்று மூளை இரத்தக்கசிவால் இறந்தார். துன்பத்தை ஏற்பதற்கு உரிய பொருள்கள் உலகில் உண்டு என்பதை மக்கள் மறுபடி உணர்ந்திருக்கிறார்கள் என்ற கருத்தைக் கடைசி நாட்களில் எழுதிவைத்திருந்தார். பிராகில் அவரை அடக்கம் செய்தபோது பாதிரியாரின் சொற்கள் யார் காதிலும் விழாதபடி மேலே போலீஸ் ஹெலிகாப்டர் வட்டமிட்டது. பக்கத்து மைதானத்தில் மோட்டார் சைக்கிள்களை உறுமவிட்டார்கள். ஒரு முதியவரின் இறுதிச் சடங்குக்கு இத்தனை ஏற்பாடு செய்த அரசு, அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்தவில்லை என்று சொல்ல முடியுமா?

ஹாவெல் எழுதிய காய்கறிக் கடைக்காரர் கதையைப் படித்தேன். நானும் கடைக்காரன். எல்லாக் கட்சியும் தட்டி வைக்கச் சொல்லும். வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்போம். இதில் என்ன பாவம்?
– மளிகை வியாபாரி, தேனி

பாவம் என்று ஹாவெலும் சொல்லவில்லை. மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1978-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் ஒரு கடை மேலாளர் வருகிறார். வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவே, ‘உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள்’ என்ற அட்டையைக் கண்ணாடி ஜன்னலில் வைக்கிறார். உலகத் தொழிலாளர்களைப் பற்றி அவருக்குத் தனியாக ஓர் ஆசையும் இல்லை. வெங்காயத்தோடு சேர்ந்து அந்த அட்டையும் தலைமையகத்திலிருந்து வந்தது. வைக்காவிட்டால் கேள்வி வரும். ‘எனக்குப் பயம், அதனால் பணிந்து போகிறேன்’ என்று எழுதிய அட்டையை வைக்கச் சொன்னால் அவர் வெட்கப்படுவார்; உயர்ந்த கொள்கையைச் சொல்லும் அட்டை அந்த வெட்கத்தை மறைத்துக் கொடுக்கிறது என்பது ஹாவெலின் கணிப்பு.

அவர் அட்டையை எடுத்துவிட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்பதையும் அதே கட்டுரை மறைக்காமல் சொல்கிறது: மேலாளர் பதவி போகும், சம்பளம் குறையும், பல்கேரியாவுக்கு விடுமுறை போகும் ஆசை கலையும், பிள்ளைகளின் மேற்படிப்புக்கு ஆபத்து வரும். கடைக்காரரைக் கோழை என்று ஏசாமல் அவருடைய இக்கட்டை இவ்வளவு பொறுமையாக விவரித்ததற்காகவே அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். ஆனால் ஹாவெல் கடைக்காரரை முழுவதும் விட்டுவிடவும் இல்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் இருக்கும் அட்டை அடுத்த ஜன்னலைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே அடக்கப்படுகிறவரே அடக்குமுறையைத் தாங்கும் தூண்களில் ஒருவராகவும் ஆகிவிடுகிறார் என்கிறார்.

உங்கள் நிலை வேறு. நீங்கள் பல கட்சிகளின் தட்டிகளைச் சேர்த்து வைக்கிறீர்கள். வைக்கமாட்டேன் என்றால் உங்கள் மகளுடைய கல்லூரி இடம் போய்விடாது. அந்தக் கடை மேலாளருக்கு இருந்தது ஒரே ஓர் அட்டை.

அரசின் பக்கம் நின்று சாசனத்துக்கு எதிராகக் கையொப்பமிட்ட கலைஞர்களை இன்று எப்படிப் பார்க்க வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

1977 ஜனவரி 28 அன்று பிராக் தேசிய அரங்கத்தில் நாட்டின் பெயர்பெற்ற நடிகர்கள், இயக்குநர்கள், எழுத்தாளர்கள் எல்லாரையும் கூட்டி, சாசனத்தைக் கண்டிக்கும் அறிக்கை வாசிக்கப்பட்டது. சில நாட்களில் மெல்லிசைப் பாடகர்களுக்கு இன்னொரு கூட்டம். கையொப்பமிட்டவர்களின் பெயர்கள் கட்சி நாளிதழில் நாள்தோறும் பட்டியலாக வந்தன. இதில் விந்தை என்னவென்றால், கண்டித்தவர்களில் பெரும்பாலோர் தாங்கள் கண்டித்த ஆவணத்தைப் படித்ததே இல்லை. படிக்க அவர்களுக்குக் கொடுக்கவும் இல்லை.

வேலைக்காகவும் பிள்ளைகளுக்காகவும் கையொப்பமிட்டுவிட்டு வெளியே வந்து தலைகுனிந்தவர்களையும், சக கலைஞரைக் காட்டிக்கொடுத்து அவருடைய இடத்தைப் பிடித்தவர்களையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. ஆனால் கண்டிப்பவர்களிடமும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாவலாசிரியர் போஹுமில் ஹ்ராபல், தன் நூல்கள் மறுபடி அச்சேற வேண்டும் என்பதற்காக 1975-இல் ஒரு பத்திரிகைக்கு அரசுக்கு இணக்கமான பேட்டி கொடுத்தார். கொதித்துப்போன யிரோஸும் நண்பர்களும் ஹ்ராபலின் புத்தகங்களைக் கூடி எரித்தார்கள். புத்தகத்தைத் தடைசெய்யும் அரசை எதிர்த்தவர்கள் புத்தகத்தை எரித்த அந்தக் காட்சியை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அதே ஹ்ராபலின் தணிக்கையாகாத பிரதிகளைத் தட்டச்சு செய்து ரகசியமாகச் சுற்றுக்கு விட்டவர்களும் சாசனத்தைச் சுற்றியிருந்தவர்களே. எதிர்ப்பாளர்கள் எல்லாரும் ஒரே குணம் கொண்டவர்கள் அல்லர்.

தடைசெய்யப்பட்ட கலைஞர்கள் எதைச் செய்து பிழைத்தார்கள்? கலையை எப்படித் தொடர்ந்தார்கள்?
– நாடகக் கலைஞர், புதுச்சேரி

கொதிகலனுக்குக் கரி அள்ளினார்கள், ஜன்னல் துடைத்தார்கள், இரவுக் காவல் பார்த்தார்கள். வேலையில்லாமல் இருப்பதே அங்கே குற்றம் என்பதால் எந்த வேலையையும் மறுக்க முடியாது. ஹாவெல் 1974-இல் ட்ருட்னோவ் நகரின் மதுவடிப்பாலையில் பீப்பாய் உருட்டினார். பத்திரிகையாளர் யிரி டீன்ஸ்ட்பியர் 1989-இல் வெளியுறவு அமைச்சரானபோது, கொதிகலன் அறையிலிருந்து நேராக அமைச்சகத்துக்கு வந்தார் என்று சொல்லலாம்.

மார்த்தா குபிஷோவாவின் கதை இவர்களில் தனியானது. 1968-இல் நாட்டின் முதல்வரிசைப் பாடகி அவர். படையெடுப்பு நாட்களில் அவர் பாடிய ஒரு பிரார்த்தனைப் பாடல், உன் காரியங்களின் ஆட்சி உன்னிடமே திரும்பி வரும் என்று மக்களைப் பார்த்துச் சொன்னது. அந்தச் சொற்கள் 17-ஆம் நூற்றாண்டின் கல்வியாளர் கொமென்ஸ்கியிடமிருந்து எடுத்தவை. குபிஷோவாவைப் பாட்டுக்காகத் தடைசெய்வதாகச் சொல்ல அரசு துணியவில்லை. 1970-இல் போலி ஆபாசப் படங்களைத் தயாரித்து, அவற்றைக் காரணம் காட்டி மேடையிலிருந்து இறக்கியது. இருபது ஆண்டுகள் அவர் குரல் வானொலியில் ஒலிக்கவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பைகள் ஒட்டினார், சாசனத்தில் கையொப்பமிட்டார், பின்னர் அதன் பேச்சாளர்களில் ஒருவராகவும் ஆனார். குரலுக்கு உச்சமான வயது அந்த இருபது ஆண்டுகளில் போயிற்று. எதிர்ப்பைப் புகழ்ந்து எழுதும்போது இந்தக் கணக்கை நாம் எளிதில் தாண்டிப் போய்விடுகிறோம்.

நாடகக்காரர் என்பதால் உங்களுக்கு விளாஸ்தா ஹ்ராமொஸ்தோவாவைச் சொல்ல வேண்டும். பெரிய அரங்கங்களில் நடித்தவர், எல்லாக் கதவுகளும் மூடப்பட்டபின் தன் வீட்டுக் கூடத்தையே அரங்கமாக்கினார். கவிஞர் யாரொஸ்லாவ் ஸைஃபெர்ட்டின் நினைவுக் குறிப்புகளை நண்பர்கள் முன் வாசித்ததில் தொடங்கியது அது. 1978-இல் நாடக ஆசிரியர் பாவெல் கொஹௌட், ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தைச் சில நடிகர்களே நடிக்கும் அளவுக்குச் சுருக்கி அமைத்துக் கொடுத்தார். கொலை செய்து அரியணை ஏறியவனின் கதையை, வாசலில் உளவுப் போலீஸ் நிற்க, நாற்காலிகளை ஒதுக்கிவைத்த ஒரு கூடத்தில் நடித்தார்கள். புதிதாக ஒரு வசனம் சேர்க்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருந்திருக்காது.

புத்தகங்கள் தட்டச்சு இயந்திரத்தில் பிறந்தன. மெல்லிய தாள்களுக்கிடையே கார்பன் தாள் வைத்து ஓங்கித் தட்டினால் ஒரு முறைக்குப் பத்துப் பன்னிரண்டு படிகள் கிடைக்கும்; கடைசிப் படியைப் படிக்க நல்ல கண்பார்வை வேண்டும். வட்சூலிக் நடத்திய ‘பூட்டு’ வரிசையில் இப்படி நூற்றுக்கணக்கான நூல்கள் வந்தன. முதல் பக்கத்தில் ஆசிரியரின் கையொப்பமும், இதைப் படியெடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். அச்சிட்டு வெளியிட்டால்தான் குற்றம். ஓர் எழுத்தாளர் தன் கைப்பிரதியில் கையொப்பமிட்டு நண்பருக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அந்த எச்சரிக்கையைப் படித்தவர்கள் அதையும் சேர்த்தே படியெடுத்தார்கள். விரல் நோக உட்கார்ந்து தட்டியவர்களில் பலர் பெண்கள். அவர்களுடைய பெயர்கள் அட்டையில் வந்ததில்லை.

கோர்பச்சேவ் வராமல் இருந்திருந்தால் இந்தப் பாட்டும் நாடகமும் எதைச் சாதித்திருக்கும்? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ?
– பொறியாளர், சென்னை

நியாயமான சந்தேகம். ஒன்றரைக் கோடி மக்கள் கொண்ட நாட்டில் 1989 வரை சாசனத்தில் கையொப்பமிட்டவர்கள் ஏறத்தாழ 1,900 பேர் மட்டுமே. மாஸ்கோ இனிப் படை அனுப்பாது என்பது தெளிவாகி, ஜூனில் போலந்துத் தேர்தலில் சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் வென்று, நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்த பிறகுதான் பிராக் அசைந்தது. கலை ஆட்சியைக் கவிழ்த்தது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கவிழ்ந்த விதத்தைப் பாருங்கள். நவம்பர் 17 அன்று, 1939-இல் நாஜிகள் சுட்டதில் இறந்த மாணவர் யான் ஒப்லெட்டாலின் நினைவு ஊர்வலம் நரோட்னி தெருவில் மறிக்கப்பட்டு மாணவர்கள் அடிக்கப்பட்டார்கள். மறுநாளே நடிகர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு மேடையிலிருந்து மாணவர்களின் அறிக்கை வாசிக்கப்பட்டது. நாடெங்கும் அரங்கங்கள் ஊர்க்கூட்ட மண்டபங்களாயின. எதிர்ப்பாளர்களை ஒன்றுசேர்த்த ‘குடிமக்கள் மன்றம்’ 19-ஆம் தேதி தொடங்கப்பட்டதும் ஒரு நாடக அரங்கத்தில், பிறகு அது செயல்பட்டதும் இன்னொரு நாடக அரங்கத்தில். அரசு தடுமாறியபோது மக்கள் நம்பிக் கூடுவதற்கு இடமும், நம்பிக் கேட்பதற்கு ஆட்களும் ஏற்கெனவே இருந்தார்கள். அந்த இருபது ஆண்டுகள் சேர்த்துவைத்தது அதைத்தான். வென்ஸெஸ்லாஸ் சதுக்கத்தின் மாடத்தில் குபிஷோவா வந்து நின்று 1968-இன் பாடலைப் பாடியபோது, அவர் யார் என்று யாரும் கூட்டத்துக்கு அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் 29 அன்று ஹாவெலைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததோ, பழைய ஆட்சியின் அதே நாடாளுமன்றம், ஒருமனதாக!

இதில் ஓர் இடறலும் உண்டு. நவம்பர் 17-இல் ஒரு மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்ற செய்தி நாட்டை உலுக்கியது, அது உண்மையல்ல. வெளிநாட்டு வானொலிகளுக்கு அதை நம்பிச் சொன்னவர்கள் சாசனத்தைச் சேர்ந்தவர்களே. பொய்யில் வாழ மறுப்பதையே கொள்கையாகக் கொண்டவர்களின் வெற்றிக்கு ஒரு பொய்ச்செய்தியும் துணைபோனது என்பதை வரலாற்றிலிருந்து நீக்கிவிட முடியாது. அவர்கள் தெரிந்து புனையவில்லை என்பதோடு அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மனசாட்சிப்படி நடந்தவர் ஆட்சிக்கு வந்தபின் நன்றாக ஆண்டாரா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பாதி. பதவியேற்ற சில நாட்களில், 1990 ஜனவரி 1 அன்று, ஹாவெல் அறிவித்த பொது மன்னிப்பில் 20,000-க்கும் மேற்பட்ட கைதிகள் வெளியே வந்தார்கள். பழைய நீதிமன்றங்களின் தீர்ப்பை நம்ப முடியாது என்பது அவர் வாதம். குற்றங்கள் பெருகின என்று மக்கள் அவர்மேல் கோபப்பட்டார்கள். ஆயுத ஏற்றுமதியை நிறுத்துவோம் என்று டீன்ஸ்ட்பியர் அறிவித்ததன் சுமை ஸ்லோவாக்கியாவின் ஆலைத் தொழிலாளர்கள்மேல் விழுந்தது. பிராகில் இருப்பவர்களின் நல்லெண்ணத்துக்கு நாங்கள் விலை கொடுப்பதா என்ற மனக்கசப்பு அங்கே வளர்ந்தது. நாடு பிரிவதை அவர் விரும்பவில்லை, தடுக்கவும் முடியவில்லை. 1992 ஜூலையில் பதவி விலகினார். 1993 தொடங்கியபோது நாடு இரண்டாகியிருந்தது. அதன் பிறகு 2003 வரை செக் குடியரசின் தலைவராக இருந்தார். பிரிவினையின்போது ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை என்பதை அவர் கணக்கிலும், பிரிந்துபோன ஸ்லோவாக்கியத் தலைவர்களின் கணக்கிலும் சேர்த்தே எழுதுவேன்.